கேர்ல் புறொக்சி வழியாகவே போகிறதா?

தம்பி, யாழ்ப்பாணத்து அலுவலக வலையில் கேர்ல் (curl) என்ற கட்டளைக் கருவியால் உங்கள் லப்டொப்பிலேயே ஓடும் சேர்வரின் முகவரியான 127.0.0.1:8000 ஐக் கேட்டால் 503 பிழை (சேவை கிடைக்கவில்லை), பிரவுசரில் சரியாகத் திறக்கிறது என்கிறீர்கள். உங்கள் சேர்வரில் பிழை இருக்காது. கேர்ல், சூழல் மாறியில் (நிரல்கள் வாசிக்கும் கணினி அமைப்பில்) உள்ள புறொக்சியிடம், அதாவது கோரிக்கைகளை இடையில் நின்று கடத்தும் சேர்வரிடம், போகிறது, புறொக்சிக்கு 127.0.0.1 என்றால் அது தானேதான், உங்கள் லப்டொப் அல்ல.

கட்டளையில் இரண்டு சிறுகோடு போட்டு நோபுறொக்சி (--noproxy) என எழுதி, இடைவெளி விட்டு '*' கொடுங்கள். மேற்கோள் கட்டாயம். இல்லாவிட்டால் ஷெல் (கட்டளைகளை வாசித்து இயக்கும் நிரல்) நட்சத்திரத்தைக் கோப்புப் பெயர்களாக விரித்துவிடும். நான் இதிலேயே ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெட்டிருக்கிறேன். அப்புறம், ஒற்றைக் கோடும் சின்ன வீயும் (-v) சேர்த்து ஓட்டிப் பாருங்கள், எந்த முகவரியோடு இணைகிறது என்று முதல் வரிகளிலேயே தெரியும். ஒவ்வொரு முறையும் எழுத அலுப்பாக இருந்தால் நோ_புறொக்சி (no_proxy) என்ற சூழல் மாறியில் லோக்கல்ஹோஸ்ட்,127.0.0.1 (localhost,127.0.0.1) என்று வைத்துவிடுங்கள்.