சொட்டு வழிந்தால் ‘ப’வும் ‘பு’ ஆகும்: எழுத்துரு கேள்வி – பதில்

சிறுவர் பேய்க்கதை அட்டைக்குத் தடித்த, தேய்ந்துபோன தோற்றத்தில் தமிழ் ஃபான்ட் செய்கிறேன். ஆங்கிலத் திகில் ஃபான்ட்களைப் பார்த்து எழுத்தைச் சுற்றி மைத்தெறிப்பும், அடியில் வழியும் சொட்டும் வைத்தேன். படிப்பவர்கள் தடுமாறுகிறார்கள். ஏன்?
– வாசகர், மதுரை

சிதைவை எழுத்துக்கு வெளியே வைத்ததால்தான். தமிழில் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் உள்ள இடம் வெற்றிடமல்ல. ‘க’வின் மேல் ஒரு மைத்துளி விழுந்தால் ‘க்’. ‘ப’, ‘ய’, ‘வ’ இவற்றின் வலது காலில் சொட்டு வழிந்தால் ‘பு’, ‘யு’, ‘வு’. சொட்டு வேண்டுமென்றால் இடது மூலையில், குட்டையாக வையுங்கள். ‘ர’வின் சாய்ந்த கால் தேய்ந்தால் துணைக்காலாகிவிடும், மூன்று சுழி ‘ண’வில் ஒன்று அடைபட்டால் ‘ன’வாகத் தெரியும். இந்த இரண்டு இடத்திலும் கை வைக்காதீர்கள்.

தேய்வு கோட்டுக்குள்ளேயே இருக்கட்டும். முதலில் சுத்தமான தடித்த எழுத்துகளை முடித்து, 5 செ.மீ. உயரத்தில் லேசர் பிரின்ட் எடுங்கள். தாளைக் கசக்கி விரித்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் மடிப்புகளில் டோனர் (மைத்தூள்) உதிரும். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் டிரேஸ் செய்யுங்கள், அதாவது படத்தைக் கோட்டுருவமாக மாற்றுங்கள். புள்ளியை மட்டும் தேய்க்க வேண்டாம். முழு உருண்டையாக, கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்.

விளையாட்டுத்தனத்துக்குச் சுழிகளே போதும். அவற்றை உருட்டிப் பெரிதாக்கி, உயிர்மெய்களை 1000 அலகுக்கு (ஃபான்டின் முழு அளவை 1000 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் அலகு) 20, 30 அலகு மேலும் கீழுமாக நகர்த்துங்கள். கொம்பு, துணைக்கால் இரண்டும் எல்லா எழுத்தோடும் சேர வேண்டியவை, அவை அசையக் கூடாது. விளிம்பைக் கூராகக் கிழித்தால் குழந்தைகளுக்கான பயம் போய்விடும், வெறும் கோரம்தான் மிஞ்சும்.

‘பட்டணம்’ என்று அடித்தால் இரண்டு ‘ட’விலும் ஒரே இடத்தில் ஒரே தழும்பு. அச்சு அசல் நகல் என்று தெரிந்துவிடுகிறதே?
– வாசகர், ஈரோடு

இரட்டித்து வரும் க, ச, ட, த, ப, ம, ல, ள, ன ஆகியவற்றுக்கு இரண்டாவது வடிவம் வரையுங்கள். ஒரே எழுத்து அடுத்து வந்தால் மாற்று வடிவத்தைப் போடும்படி ஓப்பன்டைப் என்ற ஃபான்ட் வடிவத்தில் ‘கால்ட்’ (calt, பக்கத்து எழுத்தைப் பார்த்து உருவை மாற்றும் வசதி) விதி எழுதுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: உங்கள் ஃபான்டில் புள்ளி தனி உருவாக இருந்தால் ‘ட்’டுக்கும் ‘ட’வுக்கும் நடுவே அது குறுக்கிடும், விதி வேலை செய்யாது. குறிகளைப் பொருட்படுத்தாதே என்ற அமைப்பை அந்த விதியில் போட்டால் சரியாகும். ‘ட்’டையே ஒரே உருவாகச் செய்திருந்தால் அதையும் விதியில் சேர்த்துவிடுங்கள்.

அச்சில் சின்ன ஓட்டைகள் அடைந்துவிடுகின்றன. ஃபான்ட் செய்யும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் சில சுழிகளும் கருப்பாக நிரம்பிவிட்டன.
– வாசகர், திருச்சி

இரண்டும் வெவ்வேறு கோளாறு. 48 பாயிண்டில் 12 அலகு ஓட்டை சுமார் 0.2 மி.மீ.தான், மை பரவி மூடிவிடும். 25 அலகுக்குக் குறைந்ததையெல்லாம் அழித்துவிடுங்கள், கோட்டை வளைக்கும் புள்ளிகளான நோட்களும் குறைந்து கோப்பு இலகுவாகும். சுழி நிரம்புவது உள்கோட்டின் திசை பிசகியதால்: திசையைத் திருத்தும் கட்டளையைக் கொடுங்கள்.