புகார் மூடப்பட்டது, குப்பை கிடக்கிறது

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெங்களூரு மாநகராட்சியைப் பற்றியவை. மிக்ஸி, செருப்பு, கல்யாண மண்டப முன்பணம் எல்லாம் அடுத்த முறை.

கேள்வி: வீட்டு வரியை ஒரு ஆண்டுகூடத் தவறாமல் ஏப்ரலிலேயே கட்டுகிறேன். எங்கள் சந்தில் தெருவிளக்கு இரண்டு மாதமாக எரியவில்லை. சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமா?
(கே. ஆர்., அல்சூர்)

பதில்: போடலாம், நிற்காது. வரி விலை ஆகாது. வரி கட்டுவதால் மட்டும் நீங்கள் நுகர்வோர் ஆகிவிடுவதில்லை. தண்ணீர் வாரியத்துக்கு பில் கட்டுகிறீர்களே, அது காசு கொடுத்து வாங்குவது. அதில் குறை இருந்தால் ஆணையத்தில் பேச இடமுண்டு. விளக்குக்கு 1533ஐ அழைத்து, கம்பத்தில் எண் இருந்தால் அதைச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள்.

கேள்வி: தெருமுனையில் குப்பை குவிந்து கிடக்கிறது. செயலியில் மூன்று முறை புகார் செய்தேன். மூன்று முறையும் ‘தீர்க்கப்பட்டது’ என்று செய்தி வந்தது. கடைசி முறை சுத்தமான தெருவின் படமும் வந்தது. அது எங்கள் தெருவே இல்லை.
(ஓய்வுபெற்ற ஆசிரியை, லிங்கராஜபுரம்)

பதில்: அந்தப் படத்தைப் பத்திரமாக வையுங்கள் அம்மா. அவர்களே உங்கள் கையில் கொடுத்த சாட்சி அது.

அடுத்து, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரு விஷயம்தான், 150 சொல்லுக்குள் எழுத வேண்டும். ‘ஏன் எடுக்கவில்லை’ என்று கேட்டால் பதில் வராது. கோப்பில் இருப்பதைக் கேளுங்கள்: இந்தப் புகார் எண்ணை மூடிய அலுவலரின் பதவி என்ன, எந்தத் தேதியில் மூடினார், படம் எந்த இடத்தில் எடுத்தது, இந்தப் பகுதியின் குப்பை ஒப்பந்தக்காரருக்கு இந்த ஆண்டு எவ்வளவு அபராதம் விதித்தீர்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பெரும்பாலும் அதற்கு முன்பே குப்பை போய்விடும். போனாலும் மனுவைத் திரும்பப் பெறாதீர்கள்.

2025 ஏப்ரல் முதல் குப்பைக்கென்று தனிக் கட்டணத்தையும் வீட்டு வரியோடு சேர்த்து வாங்குகிறார்கள். அல்சூர்க்காரருக்கு நான் சொன்னது வரியைப் பற்றி. கட்டணம் என்று பெயர் வைத்து வாங்கினால் ‘நானும் வாடிக்கையாளர்தான்’ என்ற வாதத்துக்குக் கொஞ்சம் வலு கூடுகிறது என்பது என் எண்ணம்.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். பேரனுக்குச் சிறப்புக் கல்வித் திட்டம் தருவதில் அங்குள்ள கவுன்சில் மாதக்கணக்கில் இழுத்தடித்தது. மக்களின் புகாரை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மன் என்ற அமைப்புக்கு எழுதினாள். கவுன்சில் மன்னிப்புக் கடிதம் கொடுத்தது, ஒரு தொகையும் கொடுத்தது. இனி இப்படி நடக்காமலிருக்க என்ன மாற்றப்போகிறோம் என்றும் எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் மாநகராட்சி இப்படி எழுதிப் பார்த்திருக்கிறீர்களா?
(எஸ். வி., ராமமூர்த்தி நகர்)

பதில்: இல்லை. ஆனால் அங்கே தேனாறு ஓடுவதாகவும் நினைக்க வேண்டாம். சட்டப்படி 20 வாரத்தில் முடிக்க வேண்டிய வேலையை முடிக்காததால்தானே உங்கள் மகள் எழுத வேண்டி வந்தது?

அங்கே உள்ளாட்சிக்கென்றே ஓர் ஆம்பட்ஸ்மன் இருக்கிறார்; 1974ஆம் ஆண்டுச் சட்டம் உண்டாக்கிய பதவி. முதலில் கவுன்சிலிடமே புகார் செய்ய வேண்டும். அங்கே சரியான பதில் இல்லையென்றால் இவரிடம் போகலாம். தவறு நடந்ததா, அதனால் இந்த மனிதருக்கு என்ன பாதிப்பு, அதை எப்படி ஈடுகட்டுவது என்று பார்க்கிறார். அதோடு நிறுத்துவதில்லை. இதே தவறு வேறு யாருக்கெல்லாம் நடந்திருக்கும் என்றும் கேட்கிறார். ஊழியர்களுக்குப் பயிற்சி கொடு, தப்பாக எழுதிய படிவத்தைத் திருத்து, இதே மாதிரி தேங்கிய மற்றக் கோப்புகளை எடுத்துப் பார் என்று கெடு வைத்துச் சொல்கிறார். செய்ததற்குச் சான்றும் கேட்கிறார்.

அவர் சொல்வது கட்டாய உத்தரவு இல்லை, பரிந்துரைதான். ஆனாலும் 99 சதவீதத்துக்கு மேல் நிறைவேறுகிறது. காரணம், ஒவ்வொரு கவுன்சிலின் கணக்கும் ஆண்டுதோறும் பெயர் போட்டு வெளியாகிறது: எத்தனை புகார் வந்தது, எத்தனையில் தவறு உறுதியானது, ஒப்புக்கொண்டதைச் செய்தார்களா. முரண்டு பிடித்தால் பொது அறிக்கை வரும். அப்படி ஓர் அறிக்கை வந்திருக்கிறது என்று கவுன்சிலே பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும். மானம் போகும் என்ற பயம் அபராதத்தைவிட நன்றாக வேலை செய்கிறது.

நமக்கும் வழியே இல்லாமல் இல்லை. லோகாயுக்தா (அரசு ஊழியர்கள் மீதான புகாரை விசாரிக்கும் மாநில அமைப்பு) என்றால் லஞ்சம் வாங்கியவரைக் கையும் களவுமாகப் பிடிக்கும் செய்திதான் எல்லோருக்கும் தெரியும். 1984ஆம் ஆண்டின் கர்நாடக லோகாயுக்தா சட்டத்தில் 12ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நிர்வாகத்தின் செயலால் ஒருவருக்கு அநீதியோ மிகுந்த இன்னலோ நேர்ந்தது என்று விசாரணையில் தெரிந்தால், இன்ன காலத்துக்குள் சரிசெய் என்று பரிந்துரைக்கலாம். கெடு முடிந்த ஒரு மாதத்துக்குள் என்ன செய்தோம் என்று துறை தெரிவிக்க வேண்டும். படிவமும் பிரமாணப் பத்திரமும் கொடுத்துப் புகார் செய்யலாம். இதைப் பயன்படுத்தியவர்கள் எனக்குத் தெரிந்தவர்களில் மிகக் குறைவு.

இல்லாதது வேறு. இங்கே பெருமையாகச் சொல்லப்படும் கணக்கு ‘இத்தனை புகார் மூடப்பட்டது’ என்பது. மூடுவதற்கும் ‘எங்கள் தவறுதான்’ என்று ஏற்பதற்கும் உள்ள தூரத்தை யாரும் அளப்பதில்லை. இந்த மூடும் வியாதி மாநகராட்சிக்கு மட்டும் உரியதும் இல்லை. நான் வாங்கிய ஒரு வாஷிங் மெஷினுக்கு மெக்கானிக் வாசல் பக்கமே வராமல், ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்று எழுதிப் புகாரை மூடினார்கள். நான் வீட்டில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அது இப்போது பால்கனியில் பூந்தொட்டிகளைத் தாங்குகிறது. ஒரே தெருவிலிருந்து அதே புகார் நான்காம் முறை வருகிறதென்றால் முதல் மூன்று முறையும் மூடியது பொய் என்று ஒரு குமாஸ்தாவுக்குக்கூடத் தெரியும். கணக்கில் அது நான்கு வெற்றி.

பெங்களூரு ஒரு காலத்தில் இதற்கு நேர்மாறான ஒன்றைச் செய்து காட்டியது. 1993இல் சாமுவேல் பால் என்ற பொருளாதார அறிஞர் ‘குடிமக்கள் ரிப்போர்ட் கார்டு’ தயாரித்தார். தண்ணீர், மின்சாரம், மாநகராட்சி, பி.டி.ஏ. (பெங்களூரு வளர்ச்சி ஆணையம்) ஆகியவற்றைப் பயன்படுத்தும் குடும்பங்களிடம் போய், ‘எத்தனை முறை அலைந்தீர்கள், எவ்வளவு லஞ்சம் கொடுத்தீர்கள், திருப்தியா’ என்று கேட்டு மதிப்பெண் போட்டார்கள். எல்லா அலுவலகமும் தோற்றது. கடைசி இடம் பி.டி.ஏ.வுக்கு. எங்கே தவறினோம் என்று கண்டுபிடிக்க முதலில் உதவி கேட்டு வந்ததும் பி.டி.ஏ.தான். 1999இல் மறுபடி அளந்தபோது முன்னேற்றம் கொஞ்சம்தான். 2003இல் நன்றாகவே தெரிந்தது. பத்தாண்டு பிடித்தது, ஆனால் நடந்தது.

பிறகு 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. ஐந்தாண்டுக்கு மேல் கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லாமல் அதிகாரிகளே ஊரை ஓட்டினார்கள். 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியைக் கலைத்து ஐந்தாகப் பிரித்தார்கள். பெயர்ப் பலகை மாறியது. செயலியில் ‘தீர்க்கப்பட்டது’ மட்டும் மாறவில்லை.

உங்களால் ஆவது: அடுத்த புகாரில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். ‘இதே இடத்தில் முன்பு எத்தனை புகார் வந்தது, மீண்டும் நேராமலிருக்க என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.’ பதில் வராது. வராத பதிலை வைத்து 12ஆம் பிரிவுக்குப் போகலாம்.

கேள்வி: அண்ணா, ஹொரமாவு பக்கம் 30க்கு 40 மனை வாங்கினேன். பி-கத்தா, அதாவது அனுமதியில் குறையுள்ள சொத்து என்ற மாநகராட்சிப் பதிவு. ஆறு மாதத்தில் முறையான பதிவான ஏ-கத்தா ஆகிவிடும் என்று தரகர் சொன்னார். இரண்டு வருடம் ஆகிறது. இப்போது போனை எடுப்பதில்லை. மாநகராட்சி மேல் புகார் கொடுக்கலாமா?
(மென்பொருள் ஊழியர்)

பதில்: மாநகராட்சி உங்களுக்கு என்ன வாக்குக் கொடுத்தது தம்பி? ஐந்நூறு ரூபாய்ப் புடவையை வெயிலில் விரித்துப் பார்க்காமல் உங்கள் அம்மா வாங்கியிருக்க மாட்டார். நீங்கள் வாழ்நாள் சேமிப்பைத் தரகரின் வாய்ச்சொல்லுக்குக் கொடுத்துவிட்டு, யார்மேல் புகார் எழுதலாம் என்று கேட்கிறீர்கள். பி-கத்தா என்று தெரிந்தே வாங்கியிருக்கிறீர்கள். விலை குறைவாக இருந்ததும் அதனால்தான். 2025இல் அரசு ஏ-கத்தாவாக மாற்ற ஒரு வழி திறந்தது. மனைக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டு மதிப்பில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கட்ட வேண்டும். மூலப் பத்திரங்களோடு ஒரு வக்கீலைப் பாருங்கள். வக்கீலையாவது தரகர் மூலம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற நர்ஸ். கணவர் இல்லை. பானஸ்வாடியில் ஒன்பது வருடத்துக்கு முன் ஃப்ளாட் வாங்கினேன். பில்டர் இன்றுவரை ஓ.சி. (குடியேற்றச் சான்றிதழ்) வாங்கித் தரவில்லை. காவேரிக் குடிநீர் இணைப்பு கிடைக்கவில்லை, டேங்கர் தண்ணீருக்கே பென்ஷனில் பெரும் பகுதி போகிறது. இரண்டு வருடம் தாண்டிவிட்டதால் வழக்குப் போட முடியாது என்று பில்டரின் ஆபீசில் சொல்கிறார்கள்.
(எம்., பானஸ்வாடி)

பதில்: பொய் சொல்கிறார்கள். இதற்கு நேரான தீர்ப்பு இருக்கிறது. மும்பையில் ஒரு வீட்டுவசதிச் சங்கத்துக்கு பில்டர் குடியேற்றச் சான்றிதழ் வாங்கித் தரவில்லை. அதனால் குடியிருந்தவர்கள் 25 சதவீதம் கூடுதல் சொத்து வரியும் 50 சதவீதம் கூடுதல் தண்ணீர்க் கட்டணமும் கட்டிக்கொண்டிருந்தார்கள். காலம் கடந்துவிட்டது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் தள்ளிவிட்டது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டியது: சான்றிதழ் தராத ஒவ்வொரு நாளும் தவறு தொடர்கிறது, இது சேவைக் குறைபாடுதான், மறுபடி விசாரியுங்கள் என்றது.

ஃப்ளாட்டுக்கு நீங்கள் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. விற்பனை ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீது, டேங்கர் பில் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். மற்ற வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் கேளுங்கள். பெண்களுக்கு அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு, வருமானம் பார்ப்பதில்லை. வழக்கு எண் வந்ததும் எனக்கு எழுதுங்கள் அம்மா. நானும் தொடர்ந்து கேட்கிறேன்.

கேள்வி: டேங்கர்காரர் 6,000 லிட்டர் என்கிறார். அளவு குறைகிறது என்று சந்தேகம்.
(பி., விவேக் நகர்)

பதில்: சந்தேகப்படாமல் அளந்து பாருங்கள். சம்ப் (தரைக்கடித் தொட்டி) 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் என்றால் 6,000 லிட்டருக்குத் தண்ணீர் 1 மீட்டர் உயர வேண்டும். ஒரு கம்பில் கோடு போட்டு முன்னும் பின்னும் இறக்குங்கள். குறைந்தால் எடையளவுத் துறையிடம் புகார். 2024 பஞ்சத்தில் ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்தது. அப்போதும் அளவை யாரும் பார்க்கவில்லை. அந்தக் கோடையில் பதற்றத்தில் நான் வாங்கிய பிளாஸ்டிக் தொட்டி முதல் வெயிலிலேயே விரிந்தது. ரசீது கேட்டால் வரி சேரும் என்றார் கடைக்காரர், நானும் வேண்டாம் என்றேன்.

கேள்வி: குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு ஆபீஸ் வாசலில் ஏஜென்ட் 3,000 ரூபாய் கேட்கிறார். கொடுத்தால் சீக்கிரம் கிடைக்குமா?
(ஜே., ஆஸ்டின் டவுன்)

பதில்: கொடுக்காதீர்கள். கெடுவுக்குள் சேவை தரச் சொல்லும் ‘சகாலா’ சட்டத்தில் விண்ணப்பித்து எண் வாங்குங்கள். கெடு தாண்டினால் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் நீங்கள் கேட்கலாம். அது தாமதித்த அலுவலரின் சம்பளத்திலிருந்து போகிறது. தொகை சிறியதுதான். சொந்தப் பையிலிருந்து போகிறதென்றால் இருபது ரூபாய்க்கும் மனிதர்கள் எழுந்து நடக்கிறார்கள்.

கேள்வி: சாலைப் பள்ளத்தில் ஸ்கூட்டர் இறங்கி என் மகனுக்குக் கை முறிந்தது. யாரிடம் நஷ்டஈடு கேட்பது?
(டி. எம்., ஃப்ரேசர் டவுன்)

பதில்: சாலையைப் பராமரிக்க வேண்டிய மாநகராட்சியிடம். பள்ளத்தால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2019இலேயே சொல்லிவிட்டது. மும்பை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் தொகையே நிர்ணயித்தது: உயிரிழப்புக்கு 6 லட்சம், காயத்துக்கு 50,000 முதல் இரண்டரை லட்சம் வரை. அது அங்குள்ள உள்ளாட்சிகளுக்கு. உங்கள் மனுவில் மேற்கோள் காட்டலாம். பள்ளத்தைப் பக்கத்துக் கடையின் பெயர்ப் பலகையும் தெரியும்படி படமெடுங்கள். காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மருத்துவமனைக் குறிப்பில் ‘வண்டியிலிருந்து விழுந்தார்’ என்று மட்டும்தான் இருக்கும். எந்தச் சாலையில், பள்ளத்தில் இறங்கி விழுந்தார் என்று சேர்க்கச் சொல்லி இன்றே போய்க் கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு எழுதித் தர மாட்டார்கள்.