முதல் ஊசிக்கும் இரண்டாவது ஊசிக்கும் நடுவே

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் கல்லூரி நண்பர்களின் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு சண்டை. பேச்சு கொரோனா பக்கம் திரும்பியது. 2021 மே மாதம் என் சித்தப்பாவுக்கு ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு விடியற்காலையில் போய் நின்று, டோக்கன் முடிந்துவிட்டது என்று திரும்பத் திரும்ப வீட்டுக்கு வந்ததைச் சொன்னேன். அவர் ஜூன் மாதம் தொற்றில் போய்ச் சேர்ந்தார். நம் ஜனங்களுக்கே இல்லாத நேரத்தில் ஆறு கோடி ஊசியை வெளிநாட்டுக்குத் தானம் கொடுத்தார்களே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

குழுவில் கொழும்பு நண்பர் ஒருவர் இருக்கிறார். "தானமா? முதல் ஊசியைப் போட்டுவிட்டு இரண்டாவது ஊசிக்கு எங்கட அம்மாவை மாசக்கணக்கில காக்க வைச்சது உங்கட நாடுதானே" என்று எழுதினார். அதற்குப் பிறகு குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் இருவரில் யார் சொல்வது சரி? வெள்ளைக்கார நாடுகள் எல்லாம் பதுக்கிக்கொண்டும் கெட்ட பேர் வாங்காமல் தப்பித்தது எப்படி? செங்கல்பட்டில் இருக்கிற தடுப்பூசி வளாகத்தைத் திறந்திருந்தால் நமக்காவது பஞ்சம் வந்திருக்காது அல்லவா?

அன்புடன்,
செல்வம், விருதுநகர்

*

அன்புள்ள செல்வம்,

சித்தப்பாவை இழந்ததற்கு என் வருத்தங்கள். அந்த மே மாதத்தில் ஊசிக்கு அலைந்த ஒருவரிடம் கணக்குப் பேசுவது கொஞ்சம் கொடுமைதான். ஆனாலும் நீங்கள் கேட்டிருப்பது கணக்கில்லாமல் பதில் சொல்ல முடியாத கேள்வி.

இந்தியா 2021 ஜனவரி 20 அன்று பூட்டானுக்கும் மாலத்தீவுக்கும் முதல் பெட்டிகளை அனுப்பியது. வேக்சின் மைத்ரி என்று பெயர் வைத்தார்கள். மார்ச் கடைசியில் அது நிற்பதற்குள் சுமார் 6.6 கோடி டோஸ் வெளியே போயிருந்தது. அதில் இனாமாகக் கொடுத்தது ஒரு கோடி சொச்சம்தான். ஏறக்குறைய 2 கோடி, ஏழை நாடுகளுக்கான பொதுத் திட்டமான கோவாக்ஸுக்குப் போனது. மீதி மூன்றரைக் கோடி காசுக்கு விற்றது. புனேயின் சீரம் நிறுவனம் கேட்ஸ் அறக்கட்டளை வழியாக 30 கோடி டாலர் முன்பணம் வாங்கியிருந்தது. 20 கோடி டோஸ் தருகிறேன் என்று 2020-லேயே ஒப்புக்கொண்டு வாங்கிய பணம் அது. ஆஸ்ட்ராஜெனகா கம்பெனி தன் ஊசியை (இங்கே அதன் பேர் கோவிஷீல்டு) செய்ய அவர்களுக்கு உரிமம் கொடுத்ததும் ஏழை, நடுத்தர நாடுகளுக்கு விற்க வேண்டும் என்ற பேச்சோடுதான். ஆக, வெளியே போனதில் பெரும்பகுதி பிறர் பணம் கட்டிக் காத்திருந்த சரக்கு. ஆறு கோடியும் தானம் என்று தொலைக்காட்சியில் பெருமையடித்ததும் பொய், பின்னால் நாம் ஆத்திரப்பட்டதும் அதே பொய்யை நம்பித்தான்.

சரி, அந்த 6.6 கோடியும் இங்கேயே இருந்திருந்தால்? சீரம் அப்போது மாதத்துக்கு ஆறு முதல் ஏழு கோடி டோஸ் செய்தது. நாடு ஏப்ரலில் ஒரு நாளைக்குச் சுமாராக 30 லட்சம் ஊசி போட்டது. அப்படியென்றால் மூன்று வாரத் தேவை. சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். சிலர் பிழைத்திருப்பார்கள். ஆனால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை இங்கே நிலைமை எப்படி இருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்து டோஸ். திறந்தால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துப் பேர் சேரட்டும் என்று நர்ஸ் அக்கா பெஞ்சில் நாலு பேரை உட்காரவைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். சேராவிட்டால் ஒன்று அந்த நாலு பேரைத் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் ஆறு டோஸைக் கொட்ட வேண்டும். ஏப்ரல் 11 வரைக்குமான கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினார்கள். வீணானதில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 12 சதவீதம். அந்த வாரத்திலேயே நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் இறந்தார். ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக் குழு பிறகு சொன்னது, ஆனால் அதற்குள் ஊரெல்லாம் பயம் பரவிவிட்டது. உங்கள் சித்தப்பா டோக்கனுக்கு நின்றது, இந்தப் பயத்தை இரண்டாம் அலையின் பயம் அடித்து விரட்டிய பிறகு.

என் கோபம் வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்கா 2020 மே மாதமே 120 கோடி டாலர் வரை தருவதாகச் சொல்லி ஆஸ்ட்ராஜெனகாவிடம் 30 கோடி டோஸுக்கு இடம் பிடித்துவிட்டது. ஊசி வேலை செய்யுமா என்று ஒருவருக்கும் தெரியாத நேரம். பிரிட்டனும் அதே மாதம் 10 கோடிக்குப் பேசி முடித்தது. உலகத்திலேயே பெரிய தடுப்பூசி ஆலை புனேயிலேயே இருந்தும் இந்திய அரசு முதல் ஆர்டர் போட்டது 2021 ஜனவரி 11 அன்று, 1.1 கோடி டோஸுக்கு, ஊசி போடத் தொடங்குவதற்கு ஐந்து நாள் முன்னால். மே, ஜூன், ஜூலைக்கான 11 கோடி டோஸுக்கு 1,732 கோடி ரூபாய் முன்பணம் சீரத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 28 அன்று. அதற்குள் தினமும் மூன்றரை லட்சம் பேருக்குத் தொற்று. சித்தப்பாவின் டோக்கன் ஏன் தீர்ந்தது என்று கேட்டால் கானாவுக்கும் நேபாளத்துக்கும் போன பெட்டிகளைக் காட்ட மாட்டேன், இந்தத் தேதிகளைத்தான் காட்டுவேன்.

வெள்ளைக்கார நாடுகள் கெட்ட பேர் வாங்கவில்லை என்று யார் சொன்னது? அவர்களுக்குள் நடந்த அடிதடி நமக்குச் சரியாக வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் ஆஸ்ட்ராஜெனகாவோடு 2020 ஆகஸ்டில் 30 கோடி டோஸுக்குக் கையெழுத்துப் போட்டது. 2021 ஜனவரியில் கம்பெனி கையை விரித்தது. பெல்ஜியத்தில் உள்ள ஆலையில் விளைச்சல் குறைவு, முதல் மூன்று மாதத்துக்குச் சொன்னதில் பாதிகூட வராது என்றது. பிரிட்டனுக்கு மட்டும் குறையாமல் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் உங்களுக்கு முன்பே கையெழுத்துப் போட்டார்கள் என்றார் கம்பெனித் தலைவர் பாஸ்கல் சோரியோ. முதலில் வந்தவருக்கு முதலில் என்பதெல்லாம் பேட்டைக் கறிக்கடையில் செல்லும், ஒப்பந்தத்தில் செல்லாது என்று பதில் சொன்னார் ஒன்றியத்தின் சுகாதார ஆணையர் ஸ்டெல்லா கிரியாகிடஸ்.

அடுத்து ஜனவரி 29 வந்தது. ஒரே நாளில் இவ்வளவு கூத்தை ஐரோப்பா அபூர்வமாகத்தான் பார்த்திருக்கும். ஒப்பந்தத்தை வெளியிட்டார்கள், முக்கியமான இடங்களைக் கறுப்பு மை பூசி மறைத்து. கோப்பின் பக்கவாட்டுக் குறிப்புகளைத் திறந்தால் மறைத்ததில் சில அப்படியே தெரிந்தன. உள்ளே கம்பெனி கொடுத்திருந்த வாக்கு, 'நியாயமான அளவில் இயன்ற முயற்சி' செய்வோம் என்பதுதான். அன்றைக்கே, அனுமதி இல்லாமல் தடுப்பூசி ஏற்றுமதி செய்யக் கூடாது என்று விதி போட்டார்கள். வடக்கு அயர்லாந்து வழியாகப் பிரிட்டனுக்குக் கசிந்துவிடக் கூடாது என்று பிரெக்சிட் உடன்பாட்டின் 16-ஆம் பிரிவைக் கையில் எடுத்தார்கள். அயர்லாந்து எல்லையில் சோதனை கூடாது என்ற ஏற்பாட்டை அவசரத்துக்கு ஒதுக்கிவைக்க இடம் தருகிற பிரிவு அது. அயர்லாந்து அரசையே கேட்கவில்லை. டப்ளினும் லண்டனும் பெல்ஃபாஸ்டும் ஒரே குரலில் கத்தியதில் அன்றிரவே பின்வாங்கினார்கள். இந்த மூன்று ஊரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது லேசான காரியமில்லை.

மார்ச் 4 அன்று இத்தாலி, ஆஸ்திரேலியாவுக்குப் போக இருந்த இரண்டரை லட்சம் டோஸை நிறுத்திவைத்தது. அதே மாதம் ரோமுக்குத் தெற்கே அனாஞி என்ற சிற்றூரில், மருந்தைக் குப்பியில் அடைக்கிற ஓர் ஆலைக்குள் இத்தாலியக் காவல் படை நுழைந்தது. உள்ளே 2.9 கோடி டோஸ் இருந்தது. பிரிட்டனுக்குக் கடத்தப் பதுக்கினார்கள் என்று ஒரே கூச்சல். விசாரித்தால் 1.6 கோடி ஐரோப்பாவுக்கே உரியது, 1.3 கோடி கோவாக்ஸுக்கு, தரச் சோதனை முடியக் காத்திருக்கிறது என்றது கம்பெனி. ஒன்றியத்தை நான் ரொம்பத் திட்ட மாட்டேன். அந்த மார்ச்சுக்குள் அங்கிருந்து பிரிட்டனுக்கு மட்டும் ஒரு கோடி டோஸ் போயிருந்தது. பிரிட்டனிலிருந்து ஒன்றுகூட வரவில்லை.

அமெரிக்கா இன்னும் சாமர்த்தியம். தடுப்பூசிக்குத் தடை என்று சட்டம் எதுவும் போடவில்லை. உள்நாட்டு ஆர்டரை முடித்துவிட்டுத்தான் பிறருக்கு என்று ஒப்பந்தத்திலும் பாதுகாப்பு உற்பத்திச் சட்டத்திலும் கட்டிவைத்துவிட்டார்கள். அதில் சிக்கியது ஊசி மட்டுமல்ல. மருந்து செய்ய உயிர்ச் செல்களை வளர்க்கிற தொட்டிக்குள் போடும் பிளாஸ்டிக் பை, வடிகட்டி எல்லாம் சிக்கியது. ஏப்ரல் 16 அன்று சீரத்தின் தலைவர் ஆதார் பூனாவாலா ட்விட்டரில் அமெரிக்க அதிபரையே கூப்பிட்டுக் கச்சாப் பொருளை விடுங்கள் என்று கெஞ்சினார். ஒரு பிளாஸ்டிக் பைக்காக! பத்து நாள் கழித்துத்தான் வாஷிங்டன் இறங்கி வந்தது.

இனி உங்கள் கொழும்பு நண்பர். உங்கள் இருவரில் அவர் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று நினைக்கிறேன். தன் வீட்டில் தீப்பிடித்தபோது இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதை நான் குறை சொல்லவில்லை, எந்த அரசும் அதைத்தான் செய்திருக்கும். நிறுத்திய விதம்தான் சரியில்லை. தடை என்று எழுத்தில் ஒன்றும் இல்லை, தடையே இல்லை என்றுதான் வெளியுறவுத் துறை சொல்லிக்கொண்டிருந்தது. பெட்டி மட்டும் வரவில்லை. எப்போது வரும் என்று தெரிந்தால் வேறு ஏற்பாடு செய்திருப்பார்கள்.

ஜனவரி 28 அன்று இந்தியா கொடுத்த 5 லட்சத்தை வைத்து இலங்கை மறுநாள் ஊசி போடத் தொடங்கியது, பிறகு இன்னொரு 5 லட்சத்தைக் காசு கொடுத்து வாங்கியது. கையில் இருந்ததைப் போட்டு முடித்தபோது, முதல் ஊசி போட்டு இரண்டாவதற்கு வழியில்லாமல் நின்றவர்கள் சுமார் 6 லட்சம் பேர். நண்பரின் அம்மா அவர்களில் ஒருவராக இருக்க வேண்டும். ஜூலை 31 அன்று ஜப்பான் கொடுத்த ஆஸ்ட்ராஜெனகா வந்து இறங்கியது. நேபாளத்தில் இப்படி மாட்டியவர்கள் 65 வயதுக்கு மேற்பட்ட கிழவர் கிழவிகள், ஏறக்குறைய 14 லட்சம் பேர். வங்கதேசம் 3 கோடி டோஸுக்கு ஒப்பந்தம் போட்டு முன்பணமும் கட்டியிருந்தது, அந்தக் கணக்கில் கிடைத்தது 70 லட்சம். அங்கே சுமார் 15 லட்சம் பேர் பாதியில் நின்றார்கள்.

மூன்றையும் கூட்டுங்கள். 35 லட்சம். இந்தியா ஏப்ரல் தொடக்கத்தில் ஒரே நாளில் 43 லட்சம் ஊசி போட்டிருக்கிறது. நம்முடைய ஒரு நாள் ஊசியை இந்த மூன்று அண்டை நாடுகளுக்கு அனுப்பிவிட்டு, இனி உங்கள் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம். புதிதாக யாருக்கும் கொடுக்காமல் இருப்பது வேறு, முதல் ஊசியை வாங்கிக்கொண்டவரை நடுவில் விடுவது வேறு. தனக்கு இரண்டாவது ஊசி எப்போது என்று கணக்குப் போட்டுக் காத்திருந்த ஒரு கிழவிக்கு, நாம் எவ்வளவு தானம் செய்தோம் என்பது ஒரு பொருட்டா?

அந்த இடத்தில் யார் நுழைந்தார்கள் என்பது தெரிந்ததுதான். சீனாவின் சினோஃபார்ம். அதிலும் ஒரு சங்கடம். விலையை வெளியே சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. வங்கதேச அதிகாரி ஒருவர் ஒரு டோஸ் 10 டாலர் என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். இலங்கை 15 டாலருக்கு ஒப்புக்கொண்டிருந்தது. கொழும்பில் கேள்வி கிளம்பியது, டாக்காவில் அந்த அதிகாரியின் பதவி போனது. கேட்டு வாங்குகிற இடத்தில் இருப்பவருக்கு எத்தனை விதமான அவமானம் பாருங்கள்.

கோவாக்ஸ் அடிவாங்கியது தனிக் கதை. ஒரே ஆலையை நம்பி அத்தனை நாடுகளின் திட்டத்தையும் கட்டியவர்கள் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சீரத்திலிருந்து அவர்களுக்கு மறுபடி ஊசி போனது நவம்பர் கடைசியில். கொடுமை என்னவென்றால், நீங்கள் டோக்கனுக்கு நின்ற அதே மே மாதம், மலாவியின் தலைநகரில் 19,610 டோஸ் கோவிஷீல்டைக் காலாவதியாகிவிட்டது என்று எரித்தார்கள். அவர்கள் கைக்கு வந்தபோது மூன்று வார ஆயுள்கூட மிச்சமில்லை.

செங்கல்பட்டு பற்றி. அந்த வளாகத்தை மத்திய அரசு பல நூறு கோடி போட்டுக் கட்டிவிட்டுச் சும்மா வைத்திருந்தது அநியாயம்தான். 2021 மே மாதம் முதல்வர் ஸ்டாலின் போய்ப் பார்த்து, மாநிலத்திடம் கொடுங்கள் என்று கேட்டார், நடக்கவில்லை. ஆனால் கொடுத்திருந்தாலும் அந்த ஆண்டு அதிலிருந்து ஒரு குப்பி வந்திருக்காது. உரிமம், ஆட்கள், உயிர்ச் செல்கள், அப்புறம் அந்த அமெரிக்கப் பிளாஸ்டிக் பை, இத்தனையும் சேர்ந்து வர வேண்டும். 2008-ல் கிண்டி, குன்னூர், கசௌலி மூன்று இடத்திலும் இருந்த அரசு ஆலைகளின் உரிமத்தைத் தரம் போதவில்லை என்று நிறுத்தினார்களே, அவற்றைச் சீர்செய்து தொடர்ந்து ஓட்டியிருந்தால் பழகிய கைகளாவது அதிகம் இருந்திருக்கும். தமிழ்நாடு அந்த மே மாதம் 3.5 கோடி டோஸுக்கு உலக டெண்டரும் விட்டது. ஒருவர்கூட விலை சொல்ல வரவில்லை. பஞ்சாப் நேரடியாகக் கேட்டபோது, மாநிலங்களோடு வியாபாரம் கிடையாது, மத்திய அரசோடுதான் என்று மாடர்னா சொல்லிவிட்டது.

இந்தப் பதிலைக் கொழும்பு நண்பருக்கும் அனுப்புங்கள். அம்மாவுக்கு இரண்டாவது ஊசி எப்போது, எந்த ஊசி கிடைத்தது என்று அவர் எழுதினால் தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்.