எண் இல்லாத பனியன்

அன்புள்ள ஐயா,

என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஆடும் நியூயார்க் நிக்ஸ் அணியின் 2025 பயிற்சி முகாமைப் பற்றி வரும் செய்திகளை மூன்று வாரமாக ஒன்றுவிடாமல் படிக்கிறேன். புதுப் பயிற்சியாளர் மைக் பிரவுன் வேகமான ஆட்டத்தைக் கொண்டுவருவார் என்கிறார்கள். ஆட்டத்தைத் தொடங்கும் முதல் ஐவரில் பிரன்சன், டவுன்ஸ், அனுனோபி, பிரிட்ஜஸ் நால்வரும் உறுதி. ஐந்தாவது ஆள் ராபின்சனா, ஹார்ட்டா? அபுதாபியில் பிலடெல்பியாவுடன் ஆடியதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா? 1973க்குப் பிறகு நமக்குக் கோப்பை இல்லை, இந்த முறையாவது கிடைக்குமா?

ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். முகாம் செய்திகளில் பாதி ஒப்புக்குச் சப்பாணிகளைப் பற்றித்தான். யாரை வைத்துக்கொண்டார்கள், யாரை அனுப்பினார்கள் என்பது யாருக்கு வேண்டும்? எப்படியும் பெஞ்சில் உட்காரப் போகிறவர்கள்தானே? இதில் ஒருவர் முகாமுக்கு நடுவிலேயே ஓய்வு பெற்றுவிட்டார், அதற்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

ஐந்தாவது ஆள் யார் என்ற கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. சின்ன வயதில் தெருவில் ஆடும்போது ஆள் கணக்குக்காகச் சேர்த்துக்கொண்ட பையனை அப்படிச் சொல்வோம். அவன் அவுட் ஆனாலும் அவுட் இல்லை, பாயிண்ட் எடுத்தாலும் பாயிண்ட் இல்லை. அப்படிச் சொல்லப்பட்டவனுக்குத் தெரியும் அது என்ன சொல் என்று. நீங்கள் யோசிக்காமல் எழுதியிருப்பீர்கள். யோசிக்காமல் எழுதியதுதான் எனக்குக் கோபம்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். ராபின்சனா ஹார்ட்டா என்பது எதிரே யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. என்னைக் கேட்டால் ராபின்சன். தவறிய பந்தை எதிரணிக் கூடைக்கு அடியிலேயே பறித்துக் கொடுக்க அவரைப் போல ஆள் கிடையாது, ஹார்ட் எப்போது இறங்கினாலும் அதே ஓட்டம்தான் ஓடுவார். அபுதாபி ஆட்டங்களை மறந்துவிடுங்கள். சீசனுக்கு முந்தைய ஆட்டத்தை வைத்து அணியை எடை போடுகிறவர் ஒத்திகையைப் பார்த்துவிட்டு நாடகத்துக்கு விமர்சனம் எழுதுகிறவர். கோப்பையைப் பற்றி ஏப்ரலில் கேளுங்கள்.

சரி, இப்போது அந்தப் பெஞ்சுக்கு வருவோம்.

முகாமுக்கு ஒரு அணி 21 பேர் வரை கூப்பிடலாம். சீசன் தொடங்கும்போது 15 பேர்தான் முழு ஒப்பந்தத்தில் இருக்க முடியும், அதற்கு மேல் கீழ்நிலை லீக்கான ஜி லீக்குக்கும் இங்கேயும் போய்வரும் ‘டூ வே’ ஆட்டக்காரர்கள் மூன்று பேர். பிரன்சனுக்கும் டவுன்ஸுக்கும் முகாம் என்றால் உடம்பைத் தயார்படுத்திக்கொள்ளும் இடம். அவர்கள் முகாமில் ஒரு நாள் மோசமாக ஆடினால் நாளிதழில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். கடைசியில் நிற்கும் நான்கைந்து பேருக்கு ஒரு நாள் மோசமாகப் போனால் வாழ்க்கையே வேறு பக்கம் திரும்பிவிடும். அவர்களில் பலர் ‘எக்ஸிபிட் 10’ என்கிற ஒப்பந்தத்தில் வருகிறவர்கள். உறுதியான சம்பளம் கிடையாது. வெளியே அனுப்பிய பிறகு அதே அணியின் ஜி லீக் கிளப்பில் 60 நாள் இருந்தால் ஒரு போனஸ் உண்டு. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்காக எதற்கு வருத்தப்படுவது என்று அடுத்த கடிதத்தில் கேட்டுவிடாதீர்கள்.

நீங்கள் படிக்காமல் தள்ளிவிட்ட செய்திகளில் லேண்ட்ரி ஷாமெட் என்ற பெயர் இருந்ததா? 2024 அக்டோபரில், சீசன் தொடங்குவதற்கு முன்பு நடந்த ஒரு ஆட்டத்தில் அவருக்குத் தோள்பட்டை விலகியது. விடுவித்துவிட்டார்கள். மனிதர் வெஸ்ட்செஸ்டருக்கு, அதாவது நிக்ஸின் ஜி லீக் கிளப்புக்குப் போனார், தோள் தேறியது, டிசம்பரில் திரும்ப வந்தார். 2025 மே மாதம் கிழக்குப் பிரிவின் இறுதித் தொடரில் இந்தியானாவிடம் முதல் இரண்டு ஆட்டத்தையும் தோற்று நின்றோமே, மூன்றாவது ஆட்டத்தில் பெஞ்சின் கோடியிலிருந்து எழுப்பி இறக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அந்த ஆட்டத்தை ஜெயித்தோம். அன்றைக்கு நீங்களும் நானும் கைதட்டினோம். அந்த மனிதர் 2025 செப்டம்பரில் மறுபடியும் உத்தரவாதம் இல்லாமல் முகாமுக்கு வந்து, மறுபடியும் புதிதாகச் சேர்ந்தவர் மாதிரி போராடி, இடத்தைப் பிடித்திருக்கிறார். இவரா ஒப்புக்குச் சப்பாணி?

முகாமுக்கு நடுவில் ஓய்வு பெற்ற ‘ஒருவர்’ மால்கம் பிராக்டன். பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை. 2016 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களைப் பொறுக்கும் நிகழ்வில், இரண்டாவது சுற்றில் 36ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், அடுத்த ஆண்டே லீக்கின் சிறந்த புதுமுகம். 2023இல் பாஸ்டனுக்காக ஆடிச் பெஞ்சிலிருந்து இறங்குகிறவர்களில் சிறந்தவருக்குத் தரும் ‘சிறந்த ஆறாவது ஆள்’ என்ற விருது. ஒன்பது சீசன் ஆடியவர், இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு, சம்பள உறுதி இல்லாமல், தன்னைவிடப் பத்து வயது சின்னப் பையன்களோடு வரிசையில் நின்று முகாமில் ஓடினார். அப்புறம் ஒரு நாள் போதும் என்று முடிவுசெய்தார். அந்த முடிவுக்கு முந்தைய இரவு அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் நாலைந்து நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் வந்தது அந்த நேரத்தில்தான். கோபம் கொஞ்சம் கூடிப்போனதற்கு அதுவும் காரணம்.

இதையெல்லாம் நிக்ஸ் ரசிகருக்கு நான் சொல்ல வேண்டியிருப்பதுதான் ஆச்சரியம். வேறு எந்த அணியின் ரசிகர் கேட்டிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஜான் ஸ்டார்க்ஸ் யார்? 1988 டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காதவர். ஒரு காலத்தில் மளிகைக் கடையில் வாடிக்கையாளர்களுக்குச் சாமானைப் பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர். 1990இல் நிக்ஸ் முகாமுக்கு வந்தார். இடம் கிடைக்காது என்று அவருக்கே தெரியும். எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று ஒரு பயிற்சியில் அணியின் நட்சத்திரம் பேட்ரிக் யூயிங்கின் தலைக்கு மேல் எகிறிப் பந்தைக் கூடையில் அறைய, அதாவது டங்க் அடிக்க, பாய்ந்தார். ஏழடி யூயிங் அவரைத் தூக்கிக் கீழே போட்டார். முழங்கால் திருகிக்கொண்டது. காயத்தோடு இருப்பவரை விடுவிக்கக் கூடாது என்பது விதி, டிசம்பர் முடிவதற்குள் குணமானால்தான் அனுப்ப முடியும். குணமாகவில்லை, அணியில் தங்கினார். எட்டு சீசன் ஆடினார், 1994இல் லீக்கின் சிறந்தவர்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வானார். இன்றைக்கும் 1994 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் 18 ஷாட்டில் 2 மட்டுமே போட்டார் என்று அவரைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஏழாவது ஆட்டம் வரைக்கும் நம்மைக் கூட்டிக்கொண்டு போனவர்களில் அவர் ஒருவர் இல்லையா? மேலே பாய்ந்தது ஒரு நொடி. அந்த நொடிக்கு முன்னால் அவரும் உங்கள் கணக்கில் பெஞ்சுதான்.

ஜெரமி லின்னை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2011 டிசம்பர் 9, முகாமின் முதல் நாள், கோல்டன் ஸ்டேட் அணி அவரை விடுவித்தது. டிசம்பர் 24 அன்று ஹூஸ்டனும் விடுவித்தது. 27ஆம் தேதி நிக்ஸ் எடுத்தது, அதுவும் ஆள் காயம்பட்டதால் ஓட்டையை அடைக்க. பிப்ரவரி 10 அன்று லேக்கர்ஸுக்கு எதிராக 38 புள்ளி. அந்த மாதம் ஊரே பைத்தியம் பிடித்து அலைந்தது. டிசம்பரில் இரண்டு ஊர்களில் இரண்டு பேர் ஒரு பட்டியலில் அவர் பெயரை அடித்தார்களே, அந்தச் செய்தியை அன்றைக்கு யார் படித்தார்கள்?

எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு, மறைக்கவில்லை. பதினேழு வயதில் நானும் ஒரு முகாமில் இருந்தேன். பதினெட்டுப் பேர், பன்னிரண்டு இடம். அப்போது பனியன் எண் 4இல் தொடங்கி 15இல் முடியும், சரியாகப் பன்னிரண்டு. முகாமில் எல்லோருக்கும் எண் இல்லாத வெள்ளைப் பனியன். நான் பெரும்பாலும் எதிரணி. முதல் ஐவர் ஒரு ‘ப்ளே’யை, அதாவது முன்பே திட்டமிட்ட தாக்குதலை, பழகும்போது மறித்து நிற்க ஐந்து பேர் வேண்டுமே, அதில் ஒருவன். பந்து எங்கே போகும் என்று தெரிந்தும் தெரியாதவன் மாதிரி ஓட வேண்டும். ஒரு தடவை பொறுக்காமல் முன்னாலேயே ஓடிப் பந்தைத் தட்டிவிட்டேன், அதற்குத் திட்டு வாங்கினேன். மூன்று வாரத்தில் அவர்களுடைய எல்லா ப்ளேயும் அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரிந்தது. யாருடைய இடது கை பலவீனம், யார் களைத்தால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிவார் என்பதுகூட. உங்கள் பிரன்சன் முகாமில் யாரை ஏமாற்றிக் கடந்து பழகுகிறார் என்று நினைக்கிறீர்கள்? பெயர் தெரியாத ஒருவரைத்தான். அவர் ஒழுங்காக மறிக்காவிட்டால் பிரன்சனுக்கு அது பயிற்சியே இல்லை.

கடைசி நாள் சாயங்காலம் பெஞ்சின் மேல் நீலப் பனியன்களை எண் தெரிகிற மாதிரி மடித்து அடுக்கியிருந்தார் கோச். பெயரைச் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராகப் போய் எடுத்தார்கள். நான் பெயர்களைக் கேட்கவில்லை, பனியன்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். 12, 13, 14. கடைசியாக 15ஐயும் ஒருவன் எடுத்துக்கொண்டான், அவை வந்த பிளாஸ்டிக் உறை மட்டும் பெஞ்சில் கிடந்தது. “மீதி ஆறு பேரும் பந்தை எண்ணி வலையில் போட்டுக் கட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வேறு ஒரு வார்த்தை இல்லை. எண்ணினோம், பதினொன்று இருந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டும். இருட்டிவிட்டது. ஆறு பேரும் கோர்ட்டுக்குப் பின்னால் புதரில் கால்களால் துழாவித் தேடினோம், அரை மணி நேரம் இருக்கும். கிடைத்தது. வலையில் போட்டுக் கட்டி அறைக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போனோம். விட்டுவிட்டுப் போயிருந்தாலும் எங்களை யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

நீங்கள் நல்ல ரசிகர், உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அடுத்த கடிதத்தில் ஐந்தாவது ஆளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள், படிக்கிறேன், சண்டையும் போடுகிறேன். அந்தச் சொல் மட்டும் வேண்டாம். நேரம் கிடைத்தால் வெஸ்ட்செஸ்டர் அணியின் ஒரு ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். முகாமிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் யாராவது அங்கே ஆடிக்கொண்டிருப்பார். அவர் எப்படி ஆடினார் என்று எனக்கு எழுதுங்கள், இந்தத் தடவை பெயரோடு.

அன்புடன்.