கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகிய தண்ணீர்: பழைய குழாயா, புது இணைப்பா?

கேள்வி:

சிங்கப்பூரில், ஈசூனில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. 1985ல் கட்டிய புளோக். 2017ல் மறுவிற்பனையில் வாங்கினோம். எங்களுக்கு முன் இருந்தவர் ரினோவேஷன் செய்தபோது தண்ணீர்க் குழாயை எல்லாம் சாம்பல் நிற பிளாஸ்டிக்கில் போட்டு டைல்ஸுக்குப் பின்னால் மறைத்துவிட்டார். 20 மாதத்துக்கு முன் சமையலறைப் பக்கம் கசிந்தது. தெரிந்தவர் அனுப்பிய கான்ட்ராக்டர் இரண்டு மீட்டர் அளவுக்குப் புதுக் குழாய் போட்டு, பழைய குழாயோடு இணைத்துக் கொடுத்தார். 680 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கினார். போன பிறகு, "குழாய் எல்லாமே பழசு, மொத்தமா மாத்திடுங்க, 5,200 வெள்ளி ஆகும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம்.

சென்ற மாதம் ஈப்போவில் ஒரு கல்யாணம். மூன்று நாள் கழித்துத் திரும்பினால் கீழ்வீட்டு மக்சிக் (மலாய்க்காரப் பெரியம்மா) எங்கள் வாசலில் நிற்கிறார். அவர் வீட்டுப் பொய்க்கூரை, சமையலறை அலமாரி எல்லாம் நாசம். என் கணவர் பதற்றத்தில் "சாரி, எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்று அவருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டார். இப்போது 9,400 வெள்ளி கேட்கிறார்கள். மீட்டர் வால்வை மூடி வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறந்து வாளியில் பிடித்துக்கொள்கிறோம். அதே கான்ட்ராக்டர் அடுத்த வாரம் வந்து இலவசமாக உடைத்துப் பார்க்கிறேன், மொத்தக் குழாயையும் 4,500 வெள்ளிக்கு மாற்றித் தருகிறேன் என்கிறார். முழுத் தொகையும் நாங்கள்தான் கொடுக்க வேண்டுமா? வீட்டை விற்றவரையோ குழாய் தயாரித்தவரையோ கேட்க முடியுமா? டெக்சஸில் இருக்கும் என் தம்பி, இந்த மாதிரிக் குழாய்க்கு அங்கே பெரிய வழக்கே நடந்தது என்கிறான்.

பதில்:

முதல் வேலையாக அந்தக் கான்ட்ராக்டரின் வருகையை நிறுத்துங்கள். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுவரைத் திறக்கும்போது வெளியே வரும் குழாய்த் துண்டுதான் உங்கள் வழக்கின் ஒரே சாட்சி. அவரே திறந்தால் அந்தச் சாட்சி அவருடைய குப்பைப் பையில் போய்விடும்.

பழுதானது எது என்பதைப் பொறுத்தே யார் பணம் கொடுப்பது என்பது முடிவாகும். 20 மாதத்துக்கு முன் அவர் போட்ட இணைப்பு கழன்றதா? அவர் கை வைக்காத பழைய குழாய் வேறு எங்காவது பிளந்ததா? அல்லது இரண்டும் சேரும் இடத்தில், புது இணைப்பு இறுக்கியதால் பழைய குழாய் நொறுங்கியதா? மூன்றுக்கும் சட்டத்தில் மூன்று பதில்.

ஆகவே, முதல் ஆளோடு தொடர்பில்லாத, பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பர் ஒருவரை அழையுங்கள். கழகத்தின் இணையத்தளத்தில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. உடைக்கும் முன்பும், உடைக்கும்போதும், திறந்த பிறகும் படம் எடுங்கள். பழுதான இடத்தின் இரு பக்கமும் ஒரு சாண் விட்டு வெட்டச் சொல்லுங்கள். துண்டைக் கழுவ வேண்டாம், பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கீழ்வீட்டாரையும் பழைய கான்ட்ராக்டரையும் அந்த நேரத்துக்கு வந்து பார்க்கச் சொல்லி மெசேஜ் அனுப்பிவிடுங்கள். வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். எதனால் பழுது என்று பிளம்பர் இரண்டு பத்தி எழுதிக் கொடுத்தால் போதும்.

இனி மக்சிக் விஷயம். மேல்வீட்டிலிருந்து தண்ணீர் வந்தது என்பதாலேயே மேல்வீட்டார் பணம் கட்டியே தீர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வீவக வீட்டைப் பொறுத்தவரை அது சரியல்ல. 1913லேயே, ரிக்கார்ட்ஸ் எதிர் லோதியன் வழக்கில், அன்றைய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் இதைப் பேசியிருக்கிறது. மெல்பர்னில் பல மாடிக் கட்டடம் ஒன்று. யாரோ வேண்டுமென்றே மேலே தொட்டியை அடைத்துக் குழாயைத் திறந்துவிட்டுப் போக, கீழே இருந்தவரின் சரக்கு நனைந்தது. வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வைத்திருப்பது சாதாரணப் பயன்பாடு, அதற்காகவே ஒருவரைப் பொறுப்பாளி ஆக்க முடியாது என்பது தீர்ப்பு. ஆக, கீழ்வீட்டார் நிரூபிக்க வேண்டியது உங்கள் கவனக்குறைவை.

(கொண்டோமினியத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். அங்கே கட்டடப் பராமரிப்பு, அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் 101ஆம் பிரிவு இருக்கிறது. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தால் கோளாறு நேர் மேலே உள்ள வீட்டில்தான் என்று, இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் ஸ்ட்ராட்டா டைட்டில்ஸ் வாரியம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது மேல்வீட்டாரின் பாடு.)

கவனக்குறைவு என்று வந்தால் உங்கள் நிலைமை அவ்வளவு பலமாக இல்லை. 20 மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தால், சுவருக்குள் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அந்த வாட்ஸ்அப் வந்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது. குழாய் பழசு என்று எழுத்தில் தெரிந்திருந்தும் மாற்றவில்லை, மூன்று நாள் ஊருக்குப் போகும்போது மீட்டர் வால்வையும் மூடவில்லை. எதிர்த்தரப்பில் நான் இருந்தால் இந்த இரண்டையும்தான் முதல் பக்கத்தில் எழுதுவேன்.

இன்னொன்று, வேலைக்கு வைத்த ஆள். தனிப் பொறுப்பில் வேலை எடுத்துச் செய்பவரின் தவறுக்கு, அவரைக் கூப்பிட்டவர் பொதுவாகப் பொறுப்பாளி அல்ல. ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் நியாயமான கவனம் எடுத்திருக்க வேண்டும். 2016ல் நமது மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கொண்டோமினியக் கட்டுமான வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. குழாயின் வாஷரை மாற்ற, தண்ணீர்த் திருகை மாற்ற யாரையும் கூப்பிடலாம். சுவருக்குள் ஓடும் குழாயை வெட்டி இணைப்பது உரிமம் உள்ள பிளம்பர் செய்ய வேண்டிய வேலை. உங்கள் ஆளிடம் உரிமம் இருந்ததா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 680 வெள்ளி என்பதைப் பார்த்தால் நீங்களும் கேட்டிருக்கமாட்டீர்கள் என்று தோன்றுகிறது. உரிமம் இல்லை என்றால், "அவர்தான் செய்தார்" என்பது உங்களை முழுதாகக் காப்பாற்றாது.

அதே வாட்ஸ்அப் அவரையும் வெட்டும். குழாய் எல்லாமே பழசு என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அந்த நொய்ந்த குழாயில் புது இணைப்பை மாட்டியிருக்கிறார். பழுது அந்த இணைப்பில் என்றால், நியாயமான திறமையோடும் கவனத்தோடும் வேலை செய்யவில்லை என்று அவர் மேல் ஒப்பந்த மீறல் வழக்கு போடலாம். கீழ்வீட்டுக்கு நீங்கள் நியாயமாகக் கொடுத்ததையும், அந்த 680 வெள்ளியையும் கேட்கலாம். மீதிக் குழாயை மாற்றும் செலவைக் கேட்க முடியாது, அது எப்படியும் உங்களுடையது. வாங்கிய பொருள் பழுதாக இருந்தால் விற்றவரைக் கேட்க வழிசெய்யும் லெமன் சட்டத்தைப் பற்றிச் சிலர் சொல்வார்கள். அது பொருளுக்கு, இந்த மாதிரி வேலைக்கு அல்ல.

போக வேண்டிய இடம் சிறு கோரல்கள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இருதரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை விசாரிக்கும். 5,000 வெள்ளிக்குள் கோரினால் பயனீட்டாளருக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளி, 10,000க்குள் என்றால் 20 வெள்ளி. வழக்கறிஞர் உங்களுக்காக நின்று பேச முடியாது, ஆகையால் இதில் எனக்கு வரும்படி எதுவும் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். ஒப்பந்த வழக்கில் அந்த இரண்டு ஆண்டு தண்ணீர் ஒழுகிய நாளிலிருந்து ஓடுவதில்லை, வேலை செய்த நாளிலிருந்து ஓடுகிறது. உங்களுக்கு 20 மாதம் போய்விட்டது. மிச்சம் இருப்பது நான்கே மாதம். தவறவிட்டால் ஆறு ஆண்டுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம்தான், ஆனால் இவ்வளவு சிறிய தொகைக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

9,400 வெள்ளிக் கணக்கைப் பார்ப்போம். நீங்கள் இணைத்த பட்டியலில் பொய்க்கூரைக்கு 2,600, அலமாரிக்கு 5,200, இரண்டு இரவு ஹோட்டலுக்கு 480, மன உளைச்சலுக்கு 1,120. மன உளைச்சல் தொகையை நீக்கிவிடலாம், பொருள் சேதத்துக்கு அப்படி ஒன்றும் கிடைக்காது. ஹோட்டல், தரையில் தண்ணீர் நின்றிருந்தால் நியாயம். ரசீது கேளுங்கள். பேச வேண்டியது அலமாரி. அது போட்டுப் பல ஆண்டு ஆகியிருந்தால் புது அலமாரியின் முழு விலையைக் கேட்க முடியாது, தேய்மானம் கழிக்க வேண்டும். எல்லாமே வீணானதா, இரண்டு கதவு மட்டும் உப்பியதா என்று நேரில் போய்ப் பாருங்கள். வெறுங்கையோடு போகாமல், கோபமாகவும் போகாமல் போங்கள். ஒத்துவரவில்லை என்றால் சமூக சமரச நிலையம் இருக்கிறது. நாளைக்கும் அதே மின்தூக்கியில்தான் இருவரும் நிற்க வேண்டும்.

உங்கள் கணவரின் மெசேஜ் ஒரு தலைவலிதான். வருத்தம் தெரிவிப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகிவிடாது, ஆனால் "எல்லாம் பாத்துக்கிறோம்" என்பதை அவர்கள் காட்டத்தான் செய்வார்கள். இதைவிட எனக்குக் கவலை காப்புறுதி. வீட்டுப் பொருள் காப்புறுதி ஏதாவது எடுத்திருக்கிறீர்களா? அதில் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான பொறுப்பும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். நிறுவனத்தைக் கேட்காமல் பொறுப்பை ஏற்கக்கூடாது என்பது அந்தப் பாலிசிகளில் வழக்கமான நிபந்தனை. இன்றைக்கே அவர்களுக்கு எழுதுங்கள், மெசேஜையும் மறைக்காமல் சேர்த்து. இனி கீழ்வீட்டாருக்குத் தொகை எதையும் எழுதும் முன் "எங்கள் உரிமைக்குப் பாதகமின்றி" (சமரசப் பேச்சு மட்டுமே, ஒப்புதல் அல்ல என்று பொருள்) என்று தலைப்பில் போடுங்கள். வீவக கடனுக்காகக் கட்டாயமாக எடுக்கும் தீக் காப்புறுதியை நம்ப வேண்டாம், அது வேறு சமாச்சாரம்.

வீவகவும் பாதி கொடுக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கூரைக் கசிவுக்கு வீவக 50 விழுக்காடு, மேல்வீடும் கீழ்வீடும் ஆளுக்கு 25 விழுக்காடு என்ற நல்லெண்ணத் திட்டம் உண்மைதான். தரையின் நீர்த்தடுப்பு நாள்பட்டுத் தேய்ந்து ஒழுகும் வீடுகளை மனத்தில் வைத்து வந்தது அது. முந்தின உரிமையாளர் சொந்தமாகப் பதித்த குழாய் பழுதாவது அந்தக் கணக்கில் வராது. அதேபோல் வீடு மேம்பாட்டுத் திட்டத்தில் குழாய் மாற்றித் தந்தார்களே என்பார்கள். அதில் மாற்றுவது கழிவுநீர் இறங்கும் பெரிய குழாய், நீங்கள் குடிக்கும் தண்ணீர் வரும் குழாய் அல்ல.

விற்றவர் மேல் வழக்கு? விட்டுவிடுங்கள். மறுவிற்பனை வீட்டை இருக்கிற நிலையில்தான் வாங்குகிறோம். குழாயைப் பற்றி நீங்கள் கேட்டு, அவர் தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் பேச்சு வேறு. அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை. 2017லிருந்து ஆறு ஆண்டும் தாண்டிவிட்டது.

உங்கள் தம்பி சொல்வது பொய்யல்ல. பாலிபியூட்டிலின் என்ற பிளாஸ்டிக் குழாய் 1978 முதல் 1995 வரை அமெரிக்க வீடுகளில் ஏராளமாகப் போடப்பட்டது. தண்ணீரில் இருக்கும் குளோரின் போன்ற கிருமிநாசினிகள் குழாயையும் அதன் இணைப்புகளையும் உள்ளிருந்தே நொய்யச் செய்தன. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. 1995ல் கூட்டு வழக்கில் 950 மில்லியன் டாலருக்கு உடன்பாடு ஆனது. அது அமெரிக்க வீட்டுக்காரர்களுக்கு, அதுவும் மனுப் போடும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஈசூன் வீட்டுக்கு அதில் பங்கு இல்லை.

அது மட்டுமல்ல, உங்கள் குழாய் அந்த ரகம்தான் என்பதே இன்னும் தெரியாது. சாம்பல் நிறத்தில் வருவதெல்லாம் பாலிபியூட்டிலின் இல்லை, யுபிவிசி என்ற சாதாரண பிளாஸ்டிக் குழாயும் சாம்பல் நிறம்தான். அமெரிக்கக் குழாயில் பிபி 2110 (PB2110) என்று அச்சிட்டிருப்பார்கள். வெட்டிய துண்டில் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். "இது அமெரிக்காவில் தடைசெய்த குழாய், உடனே மாற்றாவிட்டால் ஆபத்து" என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த எழுத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

மொத்தமாக மாற்றத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இனிமேலும் தள்ளிப்போட்டால் அடுத்த ஒழுகலுக்குச் சொல்ல எந்தச் சாக்கும் இருக்காது. உரிமம் உள்ள மூன்று பேரிடம் விலை கேளுங்கள். விலைப்பட்டியலில் குழாயின் ரகம், எத்தனை மீட்டர், உத்தரவாதக் காலம், டைல்ஸ் பூச்சு அதில் சேருமா இல்லையா என்று எழுதியிருக்க வேண்டும். முடிந்தால் குழாயைச் சுவருக்கு வெளியே ஓடவிடச் சொல்லுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அடுத்த முறை கசிந்தால் அன்றைக்கே தெரியும். உடைக்கும் வேலைக்கு வீவக அனுமதியும் பதிவுபெற்ற கான்ட்ராக்டரும் தேவை. இரைச்சலான வேலை வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான், சனிக்கிழமை கிடையாது. என்றைக்கு உடைக்கப் போகிறீர்கள் என்பதை மக்சிக்குக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.