டிவிடியை எச்டி ஆக்க முடியுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அலமாரி நிறைய இருக்கும் டிவிடிகளை என்ன செய்வது என்று கேட்டு வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரே சந்தேகத்தைப் பலர் பல விதமாகக் கேட்டிருந்தார்கள், அவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

'1080பி அப்ஸ்கேலிங்' என்று பெட்டியில் போட்டிருந்த டிவிடி பிளேயரை வாங்கினேன். இனி என் டிவிடிகள் எல்லாம் எச்டி தரத்தில் ஓடும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. டிவிடியில் ஒரு ஃபிரேமுக்கு இருப்பது 720 x 576 பிக்சல் (பால், PAL: இந்தியாவின் டிவி முறை) அல்லது 720 x 480 (என்டிஎஸ்சி, NTSC: அமெரிக்காவின் டிவி முறை). எச்டி திரைக்குத் தேவை 1920 x 1080. பெருக்கிப் பாருங்கள்: பால் டிவிடியில் இருப்பதைப் போல எச்டியில் சரியாக 5 மடங்கு பிக்சல், என்டிஎஸ்சி என்றால் 6 மடங்கு. திரை முழுவதையும் நிரப்பியாக வேண்டும், அதனால் பற்றாக்குறையாக இருக்கும் பிக்சல்களை அக்கம்பக்கத்தில் இருப்பதை வைத்து பிளேயர் ஊகித்துப் போடுகிறது. அப்ஸ்கேலிங் என்பது இவ்வளவுதான். ஒழுங்காகச் செய்தால் விளிம்புகள் படிக்கட்டு போலத் தெரியாமல் வழுவழுவென்று இருக்கும். ஆனால் டிவிடிக்காகச் சுருக்கியபோதே தொலைந்துபோன தலைமுடி இழையும், துணியின் நெசவும், தூரத்துப் பெயர்ப்பலகையின் எழுத்தும் திரும்பி வராது.

பெட்டியில் போட்டிருப்பது பொய் இல்லை. பிளேயரிலிருந்து வெளியே போகும் சிக்னல் 1080பி தான். அதற்குள் இருக்கும் விவரம்தான் பழையது.

இதிலும் மோசமான நிலை ஒன்று உண்டு. ஆரம்பகால டிவிடிகள் சிலவற்றில் அகலத்திரைப் படத்தை பழைய டிவியின் 4:3 சட்டத்துக்குள் அடக்கி, மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு பதிந்துவிட்டார்கள். 2.35:1 அகலமுள்ள படம் என்றால், 576 வரிகளில் சுமார் 327 வரிகளில்தான் படமே இருக்கும். மீதி எல்லாம் கறுப்பு. அதை எந்தப் பிளேயரில் போட்டாலும் மங்கல்தான். ஏதாவது ஒரு டிவிடிக்குப் பதில் எச்டி பிரதி வாங்க நினைத்தால் முதலில் இவற்றை மாற்றுங்கள்.

டிவியும் அப்ஸ்கேல் செய்கிறது, பிளேயரும் செய்கிறது. எந்த வேலையை யாரிடம் விடுவது?

தட்டையான எந்த டிவியும், தன் பிக்சல் எண்ணிக்கைக்குக் குறைவாக எது வந்தாலும் அதைப் பெரிதாக்கித்தான் காட்டும். இதில் இருவரும் ஏறக்குறைய சமம். வேறுபாடு தெரிவது டீஇன்டர்லேசிங்கில். டிவிடியில் ஒரு ஃபிரேம், ஒற்றைப்படை வரிகள் ஒரு பாதி, இரட்டைப்படை வரிகள் ஒரு பாதி என்று பிரிந்திருக்கும். இரண்டையும் சரியாகச் சேர்க்காவிட்டால் நகரும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் வரும். பால் டிவிடியில் இருக்கும் சினிமா என்றால் இரண்டு பாதிகளும் ஒரே ஃபிரேமிலிருந்து வந்தவை, சேர்ப்பது எளிது. என்டிஎஸ்சியில் நொடிக்கு 24 ஃபிரேமை 60 பாதிகளாக்க ஒரு ஃபிரேமை 3 முறையும் அடுத்ததை 2 முறையும் கொடுத்திருப்பார்கள். அந்த வரிசையைக் கண்டுபிடிக்கத் தெரியாத பிளேயர்தான் தடுமாறும்.

எனவே கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிளேயரை ஒரு முறை, பாதி பாதியாகவே அனுப்பும் 576i அல்லது 480i-யிலும், ஒரு முறை, முழு ஃபிரேமாகச் சேர்த்து அனுப்பும் 1080பி-யிலும் வைத்துப் பாருங்கள். கோடு வராதது எதுவோ அதிலேயே விட்டுவிடுங்கள். அப்புறம், டிவியின் 'ஷார்ப்னஸ்' அளவைக் குறையுங்கள். கூர்மை என்ற பெயரில் அது பெரும்பாலும் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் போடுகிறது.

என்னிடம் முந்நூறு டிவிடிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பதிலாக ப்ளூ-ரே (எச்டி படம் பதிந்த டிஸ்க்) வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது எதில் படமாக்கப்பட்டது?

35 எம்எம் பிலிம் என்றால், படம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் நெகட்டிவில் டிவிடி காட்டியதைவிட எத்தனையோ மடங்கு விவரம் இருக்கிறது. அதைப் புதிதாக ஸ்கேன் செய்து ப்ளூ-ரே போட்டிருந்தால், கறுப்பு வெள்ளைப் படம்கூட நேற்று எடுத்தது போல இருக்கும். 'பழைய படம்தானே, டிவிடி போதும்' என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

வீடியோவில் எடுத்ததென்றால் கதை வேறு. '28 டேஸ் லேட்டர்' (2002) படத்தின் பெரும்பகுதி கேனான் எக்ஸ்எல்1 என்ற கேமராவில், மினிடிவி (MiniDV) எனும் சிறு வீடியோ டேப்பில் எடுக்கப்பட்டது. அந்தக் கேமரா பதிந்ததே எஸ்டி அளவில்தான், அதாவது டிவிடி அளவில். இறுதிக்காட்சி மட்டும் 35 எம்எம் பிலிமில் எடுக்கப்பட்டது. ப்ளூ-ரேயில் கூடுதல் விவரத்தை எதிர்பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு. 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரை பிலிமில் எடுத்தார்கள், ஆனால் எடிட்டிங்கை வீடியோ டேப்பில் முடித்தார்கள். எனவே டேப்பிலிருந்து எச்டி எடுக்க வழியில்லை. மூல நெகட்டிவ்களைத் தேடிப்பிடித்து, மறுபடி ஸ்கேன் செய்து, எபிசோடுகளைத் திரும்பத் தொகுத்து 2012 முதல் 2014 வரை ப்ளூ-ரேயாக வெளியிட்டார்கள். இவ்வளவு மெனக்கெட எல்லாத் தொடருக்கும் ஆள் கிடைப்பதில்லை. பழைய எஸ்டி டேப்பையே பெரிதாக்கி ப்ளூ-ரே அட்டைக்குள் வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்கும் முன் 'நெகட்டிவிலிருந்து புதிய ஸ்கேன்' என்ற மாதிரி ஒரு வரி அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் யாராவது எடுத்துப் போட்ட ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ப்ளூ-ரே டிஸ்க்கை டிவிடி பிளேயரில் போடலாமா?

ஓடாது. டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், ப்ளூ-ரேக்கு வேண்டியது 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். மாறாக, ப்ளூ-ரே பிளேயரில் டிவிடி ஓடும், அப்ஸ்கேலும் ஆகும். தனியாக அப்ஸ்கேலிங் டிவிடி பிளேயர் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுவே காரணம்.

எவ்வளவு பெரிய டிவி, எவ்வளவு தூரம் என்றால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்?

நல்ல பார்வையுள்ள கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோண அளவுக்குப் பிரித்தறியும். அதை வைத்துக் கணக்கிட்டால், 40 அங்குல டிவியில் பால் டிவிடியின் வரிகள் தனித்தனியாகத் தெரியாமல் போக சுமார் 3 மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். 1080பி என்றால் 1.6 மீட்டரே போதும். 55 அங்குலத்தில் அந்த இரண்டு அளவுகளும் முறையே 4.1 மீட்டர், 2.2 மீட்டர். நீங்கள் உட்காரும் இடம் இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்தால் எச்டிக்கு மாறியதன் பலன் கண்ணுக்குத் தெரியும். அதற்கும் பின்னால் என்றால் கூர்மையில் பெரிய மாற்றம் தெரியாது. அங்கேயும் டிவிடியின் கட்டம் கட்டமான சிதறல் ப்ளூ-ரேயில் குறைவாக இருக்கும், ஏனென்றால் டிவிடியில் வீடியோவுக்கு அதிகபட்சம் நொடிக்கு 9.8 மெகாபிட், ப்ளூ-ரேயில் 40.

டிவிடியில் 1 மணி 55 நிமிடம் ஓடிய படம் ப்ளூ-ரேயில் 2 மணி நேரம் ஓடுகிறது. கூடுதல் காட்சிகளா?

பெரும்பாலும் இல்லை. உங்களுடையது பால் டிவிடியாக இருக்கும். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை 25 ஃபிரேமாக ஓட்டியதால் 4 சதவீதம் வேகமாக முடிந்திருக்கிறது. குரல்களும் சற்று உயர்ந்த சுருதியில் கேட்டிருக்கும். ப்ளூ-ரேயில் 24 ஃபிரேம் அப்படியே இருக்கிறது. வருடக்கணக்கில் டிவிடி கேட்டுப் பழகியவர்களுக்கு முதல் தடவை பாட்டு இழுப்பது போலத் தோன்றும்.

ஏஐ மென்பொருளில் போட்டால் 4கே கிடைக்கும் என்கிறார்களே?

கிடைக்கும் படம் அழகாகவும் இருக்கலாம். ஆனால் அது கண்டுபிடித்த விவரம் இல்லை, கற்பனை செய்த விவரம். பால் டிவிடியிலிருந்து 4கே என்றால் 20 மடங்கு பிக்சல். முன்னால் நிற்பவரின் முகம் பளிச்சென்று இருக்கும், பின்னால் கூட்டத்தில் நிற்பவர்களின் முகங்கள் உருகி வேறு யாரோ ஆகியிருக்கும். எழுத்துகள் எந்த மொழியும் இல்லாத கிறுக்கலாகும். பிலிமின் துகள்களை இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடுவதால் தோல் மெழுகு போல வழுக்கும். சினிமாவுக்கு இதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

வீட்டுக் கல்யாண வீடியோ மாதிரி வேறு பிரதியே இல்லாதவற்றுக்கு முயன்று பார்க்கலாம். முதலில் டீஇன்டர்லேஸ், அதன் பிறகே பெரிதாக்கல். வரிசை மாறினால் சீப்புக் கோடுகளும் சேர்ந்து பெரிதாகி நிரந்தரமாகிவிடும். எஸ்டிக்கும் எச்டிக்கும் நிறக் கணக்கு வேறு என்பதால் அதையும் மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் பச்சையும் சிவப்பும் லேசாகப் பிசகும். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

எச்டிஎம்ஐ இல்லாத பழைய டிவி. கம்போனன்ட் கேபிளில் (மூன்று வயரில் படம் போகும் அனலாக் இணைப்பு) அப்ஸ்கேல் வருமா?

நகல் பாதுகாப்பு உள்ள டிவிடி என்றால் கம்போனன்ட்டில் 576பி அல்லது 480பி-யோடு நின்றுவிடும். 2011 முதல் தயாரான ப்ளூ-ரே பிளேயர்களும் பாதுகாப்புள்ள ப்ளூ-ரே டிஸ்க்குகளை அனலாக் வழியே எச்டியில் அனுப்புவதில்லை. முதலில் டிவியை மாற்றுங்கள்.

'எச்டி டிவிடி' என்று போட்ட சில டிஸ்க்குகள் கிடைத்தன. என்ன செய்யலாம்?

ப்ளூ-ரேயோடு போட்டியிட்டு, 2008 பிப்ரவரியில் தோஷிபா கைவிட்ட வடிவம் அது. வழக்கமான ப்ளூ-ரே பிளேயரில் ஓடாது. இரண்டையும் படிக்கும் சில பிளேயர்கள் அப்போது வந்தன, இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் ஒரு பக்கம் எச்டி டிவிடி, மறுபக்கம் சாதாரண டிவிடி. அந்தப் பக்கம் உங்கள் பிளேயரிலேயே ஓடும், அப்ஸ்கேல் செய்துகொள்ளலாம்.