பிஎம் கிசான் பணம் நின்றுவிட்டால் எங்கே பார்ப்பது?

பாலக்கோட்டில் அப்பாவுக்கு பிஎம் கிசானில் (விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை) வந்துகொண்டிருந்த 2,000 ரூபாய் தவணை நின்றுவிட்டது, பாஸ்புக்கில் வரவே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பிஎம் கிசான் இணையதளத்தில் பயனாளி நிலையைப் பாருங்கள். அதற்கு ஆதார் எண் போதாது, பிஎம் கிசான் பதிவு எண் வேண்டும். அங்கே நிலப் பதிவு, இகேஒய்சி (ஆதார் மூலம் ஆளைச் சரிபார்ப்பது), வங்கியில் ஆதார் இணைப்பு என்று மூன்று வரி இருக்கும். எது "நோ" என்று காட்டுகிறதோ, சிக்கல் அங்கேதான்.

மூன்றும் "யெஸ்", பணமும் அனுப்பியாகிவிட்டது என்று காட்டினால் அது வேறு கணக்கில் விழுந்திருக்கும். பணம் போவது ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்கு. கையில் இருப்பது எந்த பேங்க் பாஸ்புக் என்பது முக்கியமில்லை. தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல் ரேகை வாங்கித் திறந்த அஞ்சலக வங்கிக் கணக்கைப் பலர் மறந்தே போயிருப்பார்கள். மை ஆதார் தளத்தில் எந்த பேங்க் என்று தெரிந்துவிடும்.

இகேஒய்சி "நோ" என்றால், மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல் மெஷினில் பதியாமல் போகலாம். திரும்பத் திரும்ப அழுத்தாமல், பிஎம் கிசான் செயலியில் முகம் காட்டி முடியுங்கள்.

நிலப் பதிவு "நோ" என்றால் பட்டா, சிட்டாவோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையம். பட்டா இன்னும் தாத்தா பேரில் இருந்தால் பட்டா மாறுதல்தான் முதல் வேலை.